டூஷேன் பிள்ளைக்கு ஸ்டீராய்டைத் திடீரென நிறுத்தாதீர்கள்

உங்கள் கடிதத்தைப் படித்ததும் உங்களிடம் தொலைபேசியில் சொன்னதைத்தான், இதே நோயுள்ள பிள்ளைகளின் பெற்றோருக்காக இங்கும் எழுதுகிறேன்.

டூஷேன் தசைச் சிதைவு நோயுள்ள உங்கள் 7 வயது மகனுக்கு முகம் உப்புகிறதே என்று, ஏதோ ஒரு வீடியோவை நம்பி டிஃப்ளாசகார்ட் என்ற ஸ்டீராய்டு மாத்திரையை நிறுத்திவிட்டீர்கள். இப்போது அவன் சோர்ந்து கிடக்கிறான், நேற்று இரண்டு முறை வாந்தி எடுத்தான் என்பதைக் கடிதத்தின் கடைசியில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். முதல் வரியில் வந்திருக்க வேண்டிய செய்தி அது.

மாதக்கணக்கில் ஸ்டீராய்டு எடுக்கும்போது சிறுநீரகத்தின் மேலுள்ள அட்ரினல் சுரப்பி, உடலுக்கு அவசியமான கார்ட்டிசால் என்ற ஹார்மோனைச் சுரப்பதைக் குறைத்துக்கொள்ளும். மாத்திரை சட்டென்று நின்றால் சுரப்பியால் உடனே ஈடுகொடுக்க முடியாது. ரத்த அழுத்தமும் சர்க்கரையும் இறங்கும். கூடவே காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ சேர்ந்தால் உயிருக்கே ஆபத்து. மாத்திரையை நிறுத்தாத பிள்ளைகூட, தொடர்ந்து வாந்தி எடுத்து மருந்து வயிற்றில் தங்கவில்லை என்றால் இதே நிலைக்குப் போகலாம். வாந்தி, அசாதாரணத் தூக்கம், கை கால் சில்லிடுதல் ஆகியவற்றில் எது வந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். அவசரப் பிரிவில் நுழைந்ததும், 'இவன் ஸ்டீராய்டு எடுக்கும் பிள்ளை, ஹைட்ரோகார்ட்டிசோன் ஊசி தேவைப்படலாம்' என்று சொல்லுங்கள். முகம் உப்புவதற்கு அளவை மாற்றிப் பார்க்கலாம், அதை உங்கள் மருத்துவர் செய்வார். இந்த நோயில் பிள்ளை நடக்கும் காலத்தை ஆண்டுக் கணக்கில் நீட்டித்துத் தரும் மருந்து இது. வீடியோ போட்டவர் உங்கள் மகனைப் பார்த்ததே இல்லை.

கெண்டைக்கால் பருத்திருப்பது இந்த நோயின் இயல்பு. எண்ணெய் தேய்த்தால் அது குறையாது, மெதுவாகத் தேய்த்தால் கெடுதலும் இல்லை. ஸ்டெம் செல் ஊசிக்குப் பணம் கேட்பவர்களிடம் மட்டும் போகாதீர்கள்.

உங்களைத் தூங்கவிடாமல் செய்வது அந்த மரபணு ஊசிதான் என்பது கடிதத்திலேயே தெரிகிறது. 32 லட்சம் டாலர் திரட்ட முடியாததால் பிள்ளையைக் கைவிட்டுவிட்டோமோ என்று கேட்கிறீர்கள். இல்லை அம்மா. எலிவிடிஸ் என்ற அந்த மருந்துக்கு 2023-ல் அமெரிக்கா அனுமதி கொடுத்தது உண்மைதான். ஆனால் 4 முதல் 7 வயதுச் சிறுவர்களிடம் நடந்த பெரிய ஆய்வில், ஓராண்டு முடிவில் அது தன் முதன்மை இலக்கை எட்டவில்லை. 2025-ல், நடக்க முடியாத நிலையில் இந்த ஊசியைப் பெற்ற இரண்டு சிறுவர்கள் ஈரல் செயலிழந்து இறந்தார்கள். ஆராய்ச்சி நிற்கவில்லை, நானும் நம்பிக்கையோடுதான் கவனிக்கிறேன். அதற்காக இருக்கும் வீட்டை விற்காதீர்கள்.

நாளைக்கு நல்ல மருந்து வந்தாலும் இரண்டு விஷயங்கள் கையில் இருக்க வேண்டும். ஒன்று, மரபணுவின் எந்தப் பகுதி (எக்ஸான்) விடுபட்டிருக்கிறது என்று காட்டும் மரபணு அறிக்கை. கோவையில் எம்.டி.சி.ஆர்.சி. போன்ற மையங்கள் இந்தச் சோதனையும் ஆலோசனையும் தருகின்றன. மற்றொன்று, கெடாமல் காத்த இதயமும் நுரையீரலும். ஆண்டுதோறும் எக்கோ என்ற இதய ஸ்கேன், தினமும் கணுக்கால் நீட்டும் பயிற்சி, பல் பிடுங்க மயக்க மருந்து கொடுப்பதாக இருந்தால்கூட முன்கூட்டியே நோயின் பெயரைச் சொல்வது என எதையும் விட்டுவிடாதீர்கள். சக்சினைல்கோலின் என்ற மயக்கத்துறை மருந்து இந்தப் பிள்ளைகளுக்கு ஆகவே ஆகாது. 2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் தசைச் சிதைவு நோயும் இருக்கிறது. அடையாள அட்டைக்கு இப்போதே விண்ணப்பியுங்கள்.

'என் வழியாக வந்ததா' என்று கேட்டிருக்கிறீர்கள். ஏறக்குறைய மூன்றில் ஒரு பிள்ளைக்கு இந்த மரபணுப் பிழை புதிதாகவே உருவாகிறது. உங்கள் வழியாக வந்திருந்தாலும் அது நீங்கள் செய்த தவறல்ல. மாமியார் என்ன சொன்னாலும் சரி. ஆனால் நீங்கள் சோதித்துக்கொள்வது அவசியம். இந்த மரபணுப் பிழையைச் சுமக்கும் பெண்களில் சிலருக்கு இதயத் தசை பலவீனமாகலாம், அதனால் உங்களுக்கும் ஓர் எக்கோ எடுக்க வேண்டும். மகளுக்கான சோதனையை மரபியல் ஆலோசகரோடு பேசிவிட்டு முடிவு செய்யலாம், அதற்கு அவசரமில்லை.