தேர் அன்று மட்டும் வருகிறவர்

கேள்வி: எனக்குக் கிரிக்கெட் தெரியாது. எல்.பி.டபிள்யூ. என்றால் என்னவென்று இன்றுவரை புரிந்ததில்லை. ஆனால் 2025 நவம்பர் 2 இரவு, மகளிர் உலகக் கோப்பை இறுதிப் போட்டியில் நம் அணி ஜெயித்ததும் தேம்பி அழுதுவிட்டேன். "ஒரு மேட்சை முழுதாகப் பார்த்ததில்லை, உனக்கு எதற்குக் கண்ணீர்?" என்று பிள்ளைகள் முன்னால் கணவர் கேலி செய்தார். என் பெருமை போலியா? தென்னாப்பிரிக்கக் கேப்டன் அவுட்டானபோது எழுந்து நின்று கைதட்டினேன். அதுவும் பிறகு உறுத்துகிறது.
– வாசகி, திருவாரூர்

பதில்: ஆழித்தேர் ஓடும் ஊரிலிருந்து இப்படியொரு கேள்வியா, சகோதரி? அன்றாடம் காலையில் தியாகராஜரைத் தரிசிக்கிறவர்கள் மட்டும் வடம் பிடித்தால் அந்தத் தேர் நிலையை விட்டு நகருமா? வருடத்துக்கு ஒருநாள் எங்கிருந்தோ வந்து கை வைக்கிறவனிடம், "பதிகம் சொல், பிறகு வடத்தைத் தொடு" என்று யாரும் கேட்பதில்லை.

மகளிர் கிரிக்கெட்டுக்கு அந்த ஒருநாள் கூட்டம் வெகுகாலம் வராமலே இருந்தது. பெண்களின் முதல் உலகக் கோப்பை நடந்தது 1973-இல். ஆண்களுக்கு இரண்டு ஆண்டு முன்பே. உங்கள் கணவருக்கு இது தெரியுமா என்று விசாரித்துப் பாருங்கள். நம் பெண்கள் முதல்முறையாக 2005-இல் இறுதிக்கு வந்து ஆஸ்திரேலியாவிடம் தோற்றார்கள். ஆண்கள் அணியை நடத்தும் வாரியம் அப்போது அவர்களைச் சேர்த்துக்கொள்ளக்கூட இல்லை. அது நடந்தது 2006-இல். 2017-இல் லார்ட்ஸ் மைதானத்தில் ஒன்பதே ரன்னில் கோப்பை கைநழுவியது. இந்தமுறை நவி மும்பையில் வென்றதும், அந்த இரண்டு தோல்விகளிலும் ஆடிய மிதாலி ராஜையும் ஜூலன் கோஸ்வாமியையும் அழைத்துக் கோப்பையைக் கையில் கொடுத்தார்கள். மிதாலி அதைத் தூக்கிப் பிடித்தபோது நானும் மூக்கைச் சிந்திக்கொண்டுதான் இருந்தேன். எனக்கு எல்.பி.டபிள்யூ. தெரியும் என்பதால் என் கண்ணீரில் உப்பு கூடுதலாக இருந்துவிடவில்லை.

நீங்கள் பந்து வீசவில்லை, ஓடவில்லை, உண்மைதான். உங்கள் கணவரும் வீசவில்லை. 87 ரன் அடித்தது ஷஃபாலி வர்மா. முதலில் அணியிலேயே இல்லாமல், இன்னொருவர் காயப்பட்டதால் அரையிறுதிக்கு முன் அழைக்கப்பட்ட பெண். 58 ரன்னும் ஐந்து விக்கெட்டும் தீப்தி சர்மாவுடையவை. நமக்குக் கிடைத்தது இரவல் பெருமைதான். பக்கத்து வீட்டுப் பெண் மாவட்டத்தில் முதல் மதிப்பெண் வாங்கினால் தெருவே இனிப்பு சாப்பிடுவதில்லையா? நாமா பரீட்சை எழுதினோம்?

உங்கள் கேள்வியில் எனக்கு உண்மையில் பிடித்தது கடைசி வரிதான். நீங்கள் சொன்ன அந்தக் கேப்டன் லாரா வோல்வார்ட் அன்று 101 ரன் எடுத்தார். 299 என்ற இலக்கை நோக்கி ஏறக்குறைய தனியாளாக அணியை இழுத்துக்கொண்டு போனார். அவர் அடித்த பந்து நம் அமன்ஜோத் கௌரின் கையிலிருந்து நழுவி, மீண்டும் நழுவி, கடைசியில் ஒற்றைக் கையில் சிக்கியது. அந்தப் படபடப்பில் எழுந்து நிற்காதவர் கல்லாகத்தான் இருக்க வேண்டும். அதனால் கைதட்டியதற்கு வருந்த வேண்டாம். அவருடைய அணி அதற்கு முந்தைய இரண்டு இருபது ஓவர் உலகக் கோப்பைகளிலும் இறுதிவரை வந்து தோற்றது. இது மூன்றாவது. அந்த முகத்தைப் பார்த்து உங்களுக்கு உறுத்தியது என்றால், ஆட்டம் உங்களுக்கு நன்றாகவே புரிந்திருக்கிறது. எதிரணியைத் திட்டித் தீர்த்தால்தான் தேசப்பற்று என்று நினைக்கும் பழுத்த ரசிகர்கள் பலருக்கு அந்த உறுத்தல் வருவதே இல்லை. அவர்களைப் பற்றித்தான் எனக்குக் கவலை.

கணவர் விஷயம். பிள்ளைகள் முன்னால் கேலி செய்தது சரியில்லை. அதைத் தனியாக, ஆனால் தெளிவாக அவரிடம் சொல்லிவிடுங்கள். அடுத்த மேட்ச் வரும்போது அவர் பக்கத்திலேயே உட்காருங்கள். லெக் ஸ்டம்புக்கு வெளியே விழுந்த பந்து, நேராக ஸ்டம்பில் மோதும் என்றாலும் ஏன் எல்.பி.டபிள்யூ. கொடுப்பதில்லை என்று பிள்ளைகள் முன்னாலேயே கேளுங்கள். பதில் வரும்வரை ரிமோட் உங்கள் கையில் இருக்கட்டும்.