ஓரல் பெத்தாலஜி படித்தால் கேன்சர் சர்ஜன் ஆகலாமா?

கேள்வி: மகள் பல் மருத்துவம் (பி.டி.எஸ்.) முடித்திருக்கிறாள். வாய்ப் புற்றுநோய்க்கு ஆபரேஷன் செய்யும் டாக்டராக வேண்டும் என்கிறாள். ‘ஓரல் பெத்தாலஜியில் எம்.டி.எஸ். (பல் மருத்துவ மேற்படிப்பு) சீட் வாங்கித் தருகிறேன், அதை முடித்து எம்.சி.எச். போகலாம், நீட் மார்க் பிரச்சினையில்லை’ என்று ஒரு கன்சல்டன்சிக்காரர் 3 லட்சம் அட்வான்ஸ் கேட்கிறார். கொடுக்கலாமா? (ஒரு தந்தை, திண்டுக்கல்)

பதில்: கொடுக்காதீர்கள். அவர் சொன்ன மூன்றுமே தப்பு.

ஓரல் பெத்தாலஜி என்பது மைக்ராஸ்கோப் படிப்பு. வாயிலிருந்து கிள்ளி எடுத்த சதை புற்றா இல்லையா என்று அவர்கள் சொன்ன பிறகுதான் என்னைப் போன்ற தாடை, முக சர்ஜன்கள் கத்தியை எடுப்போம். பாக்குப் போட்டுப் போட்டு, மூன்று விரல்கூட வாய்க்குள் நுழையாமல் வருகிறவர்களைப் பார்ப்பது ஓரல் மெடிசின். ஆபரேஷன் ஆசை என்றால் ஓரல் அண்ட் மேக்ஸிலோஃபேஷியல் சர்ஜரிதான், அதாவது வாய், தாடை, முக அறுவை சிகிச்சை. 3 வருஷம்.

எம்.சி.எச். என்ற உயர் அறுவை சிகிச்சைப் பட்டம், எம்.பி.பி.எஸ்.ஸுக்குப் பிறகு எம்.எஸ். முடித்தவர்களுக்கு உரியது. எம்.டி.எஸ். காரர் அதற்கு விண்ணப்பமே போட முடியாது. தாடையை வெட்டியெடுத்து, கால் எலும்பில் புதுத் தாடை கட்டுகிற வேலையை எங்கள் துறையினர் செய்துகொண்டுதான் இருக்கிறார்கள். தியேட்டருக்குள் வரலாம், பட்டம் மட்டும் வாங்கக்கூடாதாம்! இதை எத்தனை கூட்டத்தில் பேசியிருப்பேன், விடுங்கள்.

மிச்சமிருப்பது ஃபெலோஷிப். மேக்ஸிலோஃபேஷியல் முடித்தவர்களைத் தலை, கழுத்துப் புற்றுநோய்ப் பயிற்சிக்கு எடுக்கும் மருத்துவமனைகள் உண்டு. அது எம்.சி.எச்.சுக்குச் சமமான பட்டம் அல்ல, பயிற்சி. அதனால் சான்றிதழ் எப்படியிருக்கும் என்று கேட்காதீர்கள். போன வருஷம் அங்கே இருந்த பிள்ளையைப் பிடித்து, கழுத்து நெறிக்கட்டி எடுக்கும் ஆபரேஷன் எத்தனையைத் தன் கையால் செய்தாய் என்று மகளைக் கேட்கச் சொல்லுங்கள். வெட்டிய இடத்தை விலக்கிப் பிடிக்கும் ரிட்ராக்டரைப் பிடித்தே காலம் கழிந்தது என்றால் அந்த இடம் வேண்டாம். ரவுண்ட்ஸுக்கும் கேஸ் ஷீட் எழுதவும் ஆள் தேவைப்பட்டு ஃபெலோஷிப் என்று போர்டு மாட்டியிருக்கும் இடங்களும் இருக்கின்றன.

இப்போது உங்கள் கன்சல்டன்சிக்காரர். மேனேஜ்மென்ட் சீட்டானாலும் நிகர்நிலைப் பல்கலைக்கழகமானாலும் நீட் எம்.டி.எஸ். எழுதித் தகுதி பெற்றிருக்க வேண்டும். கலந்தாய்வு வழியாகத்தான் இடம். இந்தப் புரோக்கர்கள் பிழைப்பது பர்சன்டைலில்தான். பொதுப்பிரிவுக்கு 50-வது பர்சன்டைல் என்றால் பாதி மார்க் என்று அர்த்தமில்லை. எழுதியவர்களில் பாதிப்பேரை முந்தியிருக்க வேண்டும், அவ்வளவுதான். சில வருஷம் இடங்கள் காலியாகிப் போய் இந்த அளவைக் கடைசி நேரத்தில் குறைப்பார்கள். கவனியுங்கள், அப்போதும் பரீட்சை எழுதியிருந்தவர்களுக்குத்தான் அது உதவும். குறைத்த அறிவிப்பு வந்ததும் புரோக்கர், ‘நான் பேசி முடித்தேன்’ என்று போன் போடுவார். அந்த வருஷங்களில் அரசாங்கமும் பரீட்சைக்கு முன்பு சொன்ன அளவிலேயே நின்று தொலைக்காது. இவர்களுக்கு அதுதான் தீபாவளி.

என்னிடம் படித்த ஒரு பெண் ‘சீட் பிளாக்’ செய்ய, அதாவது இடத்தை முன்கூட்டியே பிடித்து வைக்க, ஒரிஜினல் சான்றிதழ்களை ஒரு புரோக்கரிடம் கொடுத்துவிட்டு, கலந்தாய்வில் நல்ல இடம் வந்தும் சேர முடியாமல் நின்றாள். உங்கள் மகளின் மார்க் ஷீட்டோ டிகிரியோ அந்த ஆபீஸில் இருந்தால், பணப் பேச்சைப் பிறகு வைத்துக்கொண்டு, நாளைக் காலை முதல் வேலையாகப் போய் அதை வாங்கி வாருங்கள்.