நிஃப்டி மென்பொருள் காட்டும் பழைய லாபத்தை நம்பிப் பணம் கட்டலாமா?

கேள்வி: பணி ஓய்வு பெற்று வில்லிவாக்கத்தில் வசிக்கிறேன். சென்ற மாதம் தியாகராய நகரில் நடந்த இலவச வகுப்பு ஒன்றில், நிஃப்டியை எப்போது வாங்க வேண்டும், எப்போது விற்க வேண்டும் என்று சொல்லும் மென்பொருளைக் காட்டினார்கள். விலை 45,000 ரூபாய். 2010 முதல் அது சொன்னபடி நடந்திருந்தால் ஒரு லட்சம் ரூபாய் 38 லட்சமாகியிருக்கும் என்கிறார்கள். பழைய விலைகளை வைத்துப் போட்ட கணக்கு என்பதால் நம்பலாம் என்று தோன்றுகிறது. வாங்கலாமா?

பதில்: இப்போதைக்குப் பணம் கட்டாதீர்கள். விலைகள் உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அந்த விலைகளில் ஒருவரால் வாங்கி விற்றிருக்க முடியுமா என்பதைத்தான் நீங்கள் பார்க்க வேண்டும். நிஃப்டி என்பது 50 பங்குகளின் விலைகளிலிருந்து கணக்கிடப்படும் குறியீட்டு எண். அதை நேரடியாக வாங்க முடியாது. அதை ஒட்டி நகரும் இ.டி.எஃப். (பங்குபோலச் சந்தையில் வாங்கி விற்கும் நிதித் திட்டம்), ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் (இரண்டும் எதிர்காலத் தேதிக்கான ஒப்பந்தங்கள்) போன்றவற்றைத்தான் வாங்க முடியும், அவற்றின் விலை குறியீட்டிலிருந்து சற்று விலகியே இருக்கும்.

நான் முதலில் பார்ப்பது முடிவு விலையை. ‘இன்று சிக்னல் (வாங்கு அல்லது விற்றுவிடு என்ற குறிப்பு) வந்தது, இன்றைய முடிவு விலையில் வாங்கப்பட்டது’ என்று பல மென்பொருள்கள் எழுதிக்கொள்கின்றன. தேசியப் பங்குச் சந்தையின் பழைய தினசரித் தரவுகளில் ஒரு பங்கின் முடிவு விலை என்பது, கடைசி அரை மணி நேரத்தில், அதாவது 3 மணி முதல் 3.30 வரை, நடந்த வியாபாரங்களின், அளவுக்கேற்ப எடையிட்ட சராசரியாகும். நிஃப்டியின் முடிவு எண்ணும் அந்தச் சராசரிகளிலிருந்தே வருகிறது. சந்தை மூடிய பிறகு தெரியவரும் எண்ணைப் பார்த்து முடிவெடுத்து, அதே எண்ணில் வாங்கியதாகக் கணக்கு எழுதுவது நடக்கவே முடியாத காரியம். ஆகவே, சிக்னல் வந்த மறுநாள் காலை கிடைக்கும் விலையை வைத்துக் கணக்கை மீண்டும் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள்.

அடுத்து, 2020 மார்ச் 23 அன்று மென்பொருள் என்ன செய்ததாகக் காட்டுகிறது என்று கேளுங்கள். முந்தைய வர்த்தக நாளில் 8745-இல் முடிந்த நிஃப்டி, அன்று காலை 7945-இல்தான் தொடங்கியது. சிறிது நேரத்தில் 10 சதவீத வீழ்ச்சியால் வர்த்தகமே 45 நிமிடம் நிறுத்தப்பட்டது. 8600-இல் ஸ்டாப் லாஸ் (விலை அந்த அளவுக்கு இறங்கினால் விற்றுவிடு என்ற முன்கூட்டிய உத்தரவு) வைத்திருந்தவருக்கு அந்த விலை கிடைத்திருக்காது. அங்கே 8600-இல் வெளியேறியதாக எழுதியிருந்தால், அந்தப் பட்டியலின் மற்ற வரிகளையும் நம்ப வேண்டியதில்லை.

செலவையும் சேர்க்க வேண்டும். 2024 அக்டோபர் 1 முதல் ஃபியூச்சர்ஸ் விற்பனையின் மீதான பரிவர்த்தனை வரி 0.0125 சதவீதத்திலிருந்து 0.02 சதவீதமானது, நிஃப்டி 25,000-இல் இருந்தால், அந்த விகிதத்தில் அது மட்டுமே 5 புள்ளி. இந்த வரியோடு தரகு, முத்திரைக் கட்டணம், ஜி.எஸ்.டி., கேட்ட விலைக்கும் கிடைத்த விலைக்கும் உள்ள வித்தியாசம் எல்லாம் சேர்ந்து ஒரு முறை வாங்கி விற்க 10 புள்ளி ஆகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆண்டுக்கு 200 முறை செய்தால் 2000 புள்ளி, அதாவது குறியீட்டின் மதிப்பில் 8 சதவீதம் செலவிலேயே போய்விடும். வரி விகிதங்கள் மாறுபவை என்பதால், நடப்பு விகிதத்தைப் போட்டுப் பாருங்கள்.

விதிகளைப் பழைய தரவுக்கு ஏற்றபடி வளைத்து லாபம் காட்டுவதும் எளிது. 2010 முதல் 2017 வரையிலான தரவில் மட்டும் விதிகளை அமைத்து, பிந்தைய ஆண்டுகளில் அவற்றை மாற்றாமல் ஓட்டச் சொல்லுங்கள். வந்த தொகையை வங்கி வைப்போடு ஒப்பிடுவதைவிட, ஈவுத்தொகையும் சேர்ந்த நிஃப்டி மொத்த வருவாய்க் குறியீட்டோடு ஒப்பிடுவதே நியாயம். சும்மா வாங்கி வைத்திருந்தவருக்குக் கிடைத்தது அதுதான்.

தானியங்கி வர்த்தக முறைகளின் கடந்தகால லாபத்தையோ எதிர்பார்க்கும் லாபத்தையோ சொல்லும் தளங்களோடு பங்குத் தரகர்கள் தொடர்பு வைத்துக்கொள்ளக் கூடாது என்று பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் அமைப்பான செபி 2022 செப்டம்பரில் சுற்றறிக்கை அனுப்பியது. ஆகவே, இந்த மென்பொருளை எந்தத் தரகரின் கணக்கோடு இணைக்கச் சொல்கிறார்கள் என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். 38 லட்சம் என்று காட்டிய வரைபடத்தை விடுத்து, ஒவ்வொரு வாங்கல் விற்றலின் தேதி, நேரம், விலை அடங்கிய முழுப் பட்டியலைக் கேளுங்கள். அதைத் தர மறுத்தால், அந்த 45,000 ரூபாய் உங்கள் கணக்கிலேயே இருக்கட்டும்.