18 முடிந்தால் பெட்டி கட்ட வேணுமா? இல்லத்துப் பிள்ளைகள் பற்றி வந்த கேள்விகள்

இந்த முறை வந்த கேள்விகள் எல்லாமே கிட்டத்தட்ட ஒன்றுதான்: சிறுவர் இல்லத்தில் வளர்ந்த பெண்பிள்ளைக்கு 18 ஆகிறது, அடுத்து என்ன? 2008இல் வன்னியில் பிறந்த பிள்ளைக்கு 2026இல் 18. போர் முடிந்த முள்ளிவாய்க்கால் நேரம் கைக்குழந்தையாக இருந்தவர்கள் இவர்கள், அந்த ஓட்டத்தில் கடதாசிகள் தவறியவர்கள் பலர். அதனால்தான் பதில்களில் கடதாசி விசயம் அதிகம்.

இல்லமொன்றில் மாலை வகுப்பு எடுக்கிறேன். 17 வயதுப் பிள்ளை ஒருத்திக்குப் பிறப்புச் சான்றிதழே இல்லை, அதனால் அடையாள அட்டையும் இல்லை. எங்கே தொடங்குவது? (ஆசிரியை, கோப்பாய்)

பிரதேச செயலகத்தில், நாளைக்கே. முதலில் பிறப்புப் பதிவே நடக்கவில்லையா, அல்லது பதிவு இருந்து பிரதிதான் தொலைந்ததா என்று பாருங்கள். பிரதி எடுப்பது சின்ன வேலை. பதிவே இல்லையென்றால், தேடியும் கிடைக்கவில்லை என்பதை எழுத்தில் வாங்கிக்கொண்டு காலங்கடந்த பதிவுக்குப் போக வேண்டும். தடுப்பூசி அட்டை, ஆஸ்பத்திரித் துண்டு, ஞானஸ்நானச் சான்றிதழ், முதலில் படித்த பள்ளிக்கூடத்தின் பதிவு, எது அகப்பட்டாலும் எடுத்து வையுங்கள். ஒன்றும் சரிவராவிட்டால் உத்தேச வயதுச் சான்றிதழ் என்று ஒன்று இருக்கிறது. அடையாள அட்டை 15 வயதிலேயே எடுக்கலாம், பள்ளிக்கூடம் போகிற பிள்ளைக்கு அதிபர் ஊடாகவே விண்ணப்பம் போகும், ஆகவே 17 வரை விட்டது பிழைதான், ஆனால் அதற்காக இப்போது யாரோடும் சண்டை பிடித்துப் பிரயோசனமில்லை. பெயரின் எழுத்தையும் பாருங்கள். பிறப்புச் சான்றிதழில் ஒரு மாதிரி, ஓ.எல். பெறுபேற்றில் இன்னொரு மாதிரி இருந்தால் வேலைக்குப் போகிற நேரம்தான் இடிக்கும்.

எனக்கு வைகாசியில 18 முடியுது. ஏ.எல். சோதனை இன்னும் வரேல்ல. இல்லத்தை நடத்திற மதர் கதைக்கிறதைப் பார்த்தா வெளிக்கிடச் சொல்லுவினம் போல கிடக்கு. நான் ஏதும் கேட்கலாமோ?

கேட்கலாம் தங்கச்சி, கேட்கத்தான் வேண்டும். வாயால் கேட்டுவிட்டு இருக்காமல், சோதனை முடியும் வரை இருக்க விடும்படி ஒரு கடிதம் எழுதி மதரிடம் கொடுங்கள், பிரதியை உங்கள் நன்னடத்தை அலுவலரிடம் (இல்லத்துப் பிள்ளைகளைப் பொறுப்பாகப் பார்க்கிற அரச அலுவலர்) கொடுங்கள். தம்பியோ தங்கச்சியோ இன்னும் உள்ளே இருந்தால், நீங்கள் வெளியே போன பிறகு அவர்களை எந்தெந்த நாள் வந்து பார்க்கலாம் என்பதையும் அதிலேயே கேளுங்கள். இதை எல்லாரும் மறந்துவிடுகிறார்கள். வெளிக்கிடும்போது உங்கள் கோப்பில் இருக்கிற நீதிமன்றக் கட்டளை, கிளினிக் கொப்பி எல்லாவற்றுக்கும் போட்டோக் கொப்பி கேட்டு வாங்குங்கள்.

கனடாவில் இருந்து ஒரு பிள்ளையின் செலவைப் பார்த்து வந்தோம். இப்போது 18. ஒரு தொகையை மொத்தமாகக் கொடுத்துவிடுவமா, அல்லது நல்ல இடமாகப் பார்த்துக் கட்டிக் கொடுப்பமா?

அக்கா, இரண்டும் வேண்டாம். மொத்தக் காசு வந்தது தெரிந்தால், இத்தனை வருடம் எட்டிப் பார்க்காத மாமன்மாரெல்லாம் வாசலில் வந்து நிற்பார்கள். கலியாணத்துக்குச் சட்டப்படி 18 போதும், அது சரி. ஆனால் போக இடமில்லை என்பதற்காகக் கட்டிக் கொடுத்தால், நாளைக்கு ஒரு சண்டை வந்து திரும்பிப் போக அவளுக்குத் தாய் வீடு இல்லை. அவளாக விரும்பிச் செய்தால் அப்போது நகைக்கு உதவுங்கள்.

இப்போது தேவை அறை. திருநெல்வேலி, கொக்குவில் பக்கம் அறைகள் இருக்கின்றன, ஆனால் கம்பஸ் பிள்ளைகளோடு போட்டி, வீட்டுக்காரர் முற்பணமும் கேட்பார். அந்த முற்பணத்தையும் முதல் வருட வாடகையையும் நீங்கள் பாருங்கள், மாதாமாதம், அவள் பெயரில் உள்ள கணக்குக்கே. சிறுவர் சேமிப்புக் கணக்கு இருந்தால் 18இல் அவளே எடுக்கலாம், புத்தகம் யார் கையில் இருக்கிறது என்று விசாரியுங்கள். பிறகு என்.வி.கியூ. (தேசிய தொழிற்றகைமை) சான்றிதழ் தருகிற பயிற்சி ஒன்று. தையல்தான் என்று நீங்களே முடிவு கட்டாதீர்கள்.

இன்னொன்று, வாரத்துக்கு ஒருக்கால் போன் எடுங்கள். இல்லத்தில் 60 பேருக்குக் கிடாரத்தில் அரிசி போடத் தெரிந்த பிள்ளை, தனக்கு மட்டும் எத்தனை சுண்டு போடுவது என்று தெரியாமல் முதல் கிழமை முழுக்கப் பழஞ்சோறு சாப்பிடுவாள். அதைக் கேட்டுச் சிரிக்கவும் ஒரு ஆள் வேண்டும்.

இல்லத்தில் இருந்து வந்த பிள்ளைக்கு அறை கொடுக்கலாம்தானே? அக்கம்பக்கம் கதைக்குது. (சுன்னாகம்)

கொடுங்கள். கதைப்பவர்கள் வாடகை கட்டப்போவதில்லை. கிராம அலுவலரிடம் பதிவைச் செய்து கொடுத்தால், வதிவிடச் சான்றிதழுக்கும் வாக்காளர் இடாப்புக்கும் அவள் அலைய வேண்டியிருக்காது.

கடையில் ஒரு வருடமாக நிற்கிறேன். ஈ.பி.எஃப். (ஊழியர் சேமலாப நிதி) கேட்டால் முதலாளி சிரிக்கிறார்.

சிரிக்கட்டும். உங்கள் பங்கு 8 வீதம், அவர் பங்கு 12 வீதம், ஈ.ரி.எஃப். (ஊழியர் நம்பிக்கை நிதி) 3 வீதமும் அவர்தான் கட்ட வேண்டும். சம்பளத் துண்டு தராவிட்டால் வேலைக்குப் போன நாட்களை நீங்களே கொப்பியில் எழுதி வைத்து, தொழில் திணைக்களத்துக்குப் போங்கள். கூட வேலை செய்பவர் கேட்கிறார் என்று நுண்கடனுக்குப் பிணை மட்டும் நிற்க வேண்டாம்.

அப்பா காணாமல் போனவர். அவர் பெயரில கிளிநொச்சியில காணி. சித்தப்பாதான் செய்யிறார், எனக்கு ஒண்டும் இல்லை எண்டுறார்.

முதலில் அது உறுதி எழுதிய சொந்தக் காணியா, அரசு அனுமதிப்பத்திரத்தில் கொடுத்த பெர்மிற் காணியா என்று கரைச்சி பிரதேச செயலகத்தின் காணிக் கிளையில் கேளுங்கள், காணி வேறு பிரிவு என்றால் அந்தச் செயலகத்தில். இரண்டுக்கும் சட்டம் வேறு. அப்பாவுக்கு மரணச் சான்றிதழ் எடுக்க மனமில்லாவிட்டால், 2016இல் வந்த சட்டத்தின்படி காணாமற்போனமைக்கான சான்றிதழ் பெறலாம். யாழ்ப்பாணத்தில் சட்ட உதவி ஆணைக்குழுவுக்கு அலுவலகம் இருக்கிறது, வசதியில்லாதவர்களுக்கு அவர்கள் வழக்குப் பேசுவார்கள். உறுதிக் காணி என்றால் “10 வருடம் நான் ஆண்டது, இனி எனக்குத்தான்” என்ற கதை வரும், ஆனபடியால் சுணங்க வேண்டாம். அதுவரை சித்தப்பா நீட்டுகிற எந்தக் கடதாசியிலும் கையெழுத்து வைக்காதீர்கள், வெறும் கடதாசி என்று சொன்னாலும்.