நவம்பரில் தோற்கும் சிறு கல்லூரி அணியைக் கைகழுவிவிடலாமா?

கேள்வி: அமெரிக்காவில் நாங்கள் ஆதரிக்கும் டிவிஷன் 3 கல்லூரியின் ஆண்கள் கூடைப்பந்து அணி, முதல் ஏழு ஆட்டங்களில் ஐந்தில் தோற்றுவிட்டது. முதன்மை ஆட்டக்காரர் காயத்தால் ஆடவில்லை. இந்தப் பருவத்தில் இனி எதிர்பார்க்க ஏதேனும் இருக்கிறதா?

இருக்கிறது. ஆனால் அந்த ஏழு ஆட்டங்களின் வெற்றி தோல்விக் கணக்கை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் அது கண்ணில் படாது. நீங்கள் கேட்டிருக்கும் விதத்தைப் பார்த்தால், உங்கள் பிள்ளையோ உறவினர் பிள்ளையோ அந்தக் கல்லூரியில் படிக்கிறார் என்றும், நீங்கள் வீட்டிலிருந்தபடி நேரலையில் ஆட்டம் பார்க்கிறீர்கள் என்றும், பயிற்சியாளரை மாற்றினால்தான் விடிவு என்று பக்கத்தில் யாரோ சொல்லிக்கொண்டிருக்கிறார் என்றும் ஊகிக்கிறேன். நான் வேலை நிமித்தம் இல்லினாய் மாநிலத்தில் குடியேறி, குளிர்காலச் சனிக்கிழமைகளில் வேறு போக்கிடம் இல்லாமல் அருகிலிருந்த சிறு கல்லூரியின் ஆட்டங்களுக்குப் போகத் தொடங்கி, இப்போது அந்த லீக்கின் அட்டவணையை மனப்பாடமாகச் சொல்லும் நிலைக்கு வந்திருப்பவன். நான் பயிற்சியாளர் அல்லன், மருத்துவரும் அல்லன். அரங்கின் மரப்பலகையில் உட்கார்ந்து பார்த்ததைத்தான் எழுதுகிறேன்.

டிவிஷன் 3 பற்றி அறியாதவர்களுக்காகச் சில வரிகள். அமெரிக்கக் கல்லூரி விளையாட்டை நடத்தும் என்.சி.ஏ.ஏ. அமைப்பின் மூன்றாம் பிரிவு இது. 400க்கும் மேற்பட்ட கல்லூரிகள் இதில் இருக்கின்றன. விளையாட்டுத் திறமைக்கென்று உதவித்தொகை ஒரு டாலர்கூடக் கொடுக்கக் கூடாது என்பது இதன் அடிப்படை விதி. வேதியியல் செய்முறை வகுப்பு முடிந்து மூச்சிரைக்க ஓடிவந்து பயிற்சியில் நிற்கும் பையன்கள் இவர்கள். என்னோடு ஒருமுறை ஆட்டத்துக்கு வந்த மதுரைக்கார அண்ணன் ஒருவர், இரண்டாம் பாதியில் என் பக்கம் திரும்பி, "என்ன தம்பி, காசு ஒண்ணும் கிடையாதுங்கிற, இந்தப் பசங்க தரையில விழுந்து விழுந்து பந்தை எடுக்கிறானுங்களே" என்றார். தரமற்ற ஆட்டத்துக்கு இத்தனை பெரிய ஆய்வா என்று கேட்கக் காத்திருப்பவர்களுக்கும் ஒன்று சொல்லிவிடுகிறேன்: மினியாபொலிஸில் உள்ள ஆக்ஸ்பர்க் கல்லூரியில் ஆடிய டெவியன் ஜார்ஜை என்.பி.ஏ. என்ற தொழில்முறை லீக்கின் லேக்கர்ஸ் அணி 1999இல், புதிய ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வின் முதல் சுற்றிலேயே எடுத்துக்கொண்டது, அவர் அந்த அணியோடு 2000, 2001, 2002 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் பட்டம் வென்றார். டங்கன் ராபின்சன் முதலாண்டில் ஆடியது வில்லியம்ஸ் கல்லூரிக்காக. அங்கிருந்து மிஷிகன் பல்கலைக்கழகத்துக்கும், பிறகு என்.பி.ஏ.வின் மியாமி ஹீட் அணிக்கும் போனார்.

இனி உங்கள் ஏழு ஆட்டங்களுக்கு வருகிறேன். டிவிஷன் 3 அணிகளின் பருவம் நவம்பர் தொடக்கத்தில் ஆரம்பிக்கிறது. மார்ச் மாதத்துத் தேசியப் போட்டிக்கு முன்னால் ஓர் அணி ஏறத்தாழ 25 ஆட்டங்கள் ஆடும். எனக்குப் பழக்கமான, இல்லினாய், விஸ்கான்சின் மாநிலக் கல்லூரிகள் ஆடும் சி.சி.ஐ.டபிள்யூ. லீக்கை எடுத்துக்கொண்டால், ஒன்பது கல்லூரிகள், ஒவ்வொன்றோடும் இரண்டு முறை, ஆக 16 ஆட்டங்கள். எஞ்சிய ஒன்பதும் லீக்குக்கு வெளியே ஆடுபவை. அவற்றில் பெரும்பகுதி நவம்பரிலும் டிசம்பரிலும் வருகிறது. தேசியப் போட்டியில் 64 அணிகளுக்கு இடம் உண்டு என்றால், அதில் 40க்கும் மேற்பட்ட இடங்கள் லீக் பட்டம் வென்றவர்களுக்குத் தாமாகவே போய்விடுகின்றன. அதாவது, உங்கள் அணி இதுவரை தோற்ற ஐந்தும் லீக்குக்கு வெளியே தோற்றவை என்றால், லீக் ஆட்டங்கள் முடிந்ததும் நடக்கும் லீக் போட்டியை வென்று தேசியப் போட்டிக்குள் நுழையும் வழி இன்னும் முழுதாகத் திறந்தே இருக்கிறது. மீதமுள்ள சொற்ப இடங்களுக்குத் தேர்வுக் குழு பார்க்கும் கணக்கிலும், 2024-25 பருவம் முதல் அணிகளைத் தரவரிசைப்படுத்தும் என்.பி.ஐ. என்ற குறியீடு வந்துவிட்டபடியால், எத்தனை தோல்வி என்பதைப் போலவே யாரிடம் தோற்றீர்கள் என்பதும் எடைபோடப்படுகிறது.

அந்த "யாரிடம்" என்பதை நம்மவர்கள் கவனிப்பதே இல்லை. விஸ்கான்சின் மாநிலப் பல்கலைக்கழகங்களின் லீக்கில் பிளாட்வில், வைட்வாட்டர், ஸ்டீவன்ஸ் பாயிண்ட், ஆஷ்காஷ் என்ற நான்கு வளாகங்கள் மட்டுமே சேர்ந்து 13 தேசியப் பட்டங்களை வென்றிருக்கின்றன. நவம்பரில் அவர்களில் ஒருவரின் ஊருக்குப் பேருந்தில் போய் எட்டுப் புள்ளிகளில் தோற்றுவரும் அணிக்கும், வலுவற்ற எதிராளிகளை வீட்டுக்கு அழைத்து ஆறு வெற்றிகளைச் சேர்த்துக்கொள்ளும் அணிக்கும் இடையே, ஜனவரியில் யார் தேறுவார்கள் என்று கேட்டால் நான் தோற்றவன் பக்கம்தான் நிற்பேன். தொடக்கப் பருவத்து எண்கள் எவ்வளவு தூரம் ஏமாற்றும் என்பதற்கு, அயோவாவின் கிரின்னல் கல்லூரி 2012 நவம்பர் 20 அன்று ஆடிய ஆட்டத்தைவிட நல்ல சான்று கிடையாது. அன்று ஜாக் டெய்லர் 108 முறை பந்தை எறிந்து 138 புள்ளிகள் எடுத்து உலகம் முழுவதும் செய்தியானார்; ஆனால் அதே ஆட்டத்தில் 179-104 என்று தோற்ற ஃபெய்த் பாப்டிஸ்ட் பைபிள் கல்லூரியின் டேவிட் லார்சனும் 70 புள்ளிகள் எடுத்தார். ஒரே மாலையில் இரண்டு பக்கமும் இப்படிப் புள்ளிகள் கொட்டினால், அவை ஆட்டக்காரர்களைவிட கிரின்னலின் அதிவேக ஆட்டமுறையைப் பற்றியே அதிகம் சொல்கின்றன.

காயத்தைப் பற்றித்தான் நான் உண்மையில் எழுத வந்தேன். இந்தக் கேள்வி கண்ணில் பட்டதும் பதில் எழுத உட்கார்ந்ததும் அதனால்தான். நான் பின்பற்றும் அணியின் பெயரைச் சொல்லப்போவதில்லை, ஏனென்றால் அடிபட்டவர் புகழ்பெற்ற விளையாட்டு வீரர் அல்லர், படித்து முடித்து வேலைக்குப் போய்விட்ட ஓர் இளைஞர். சில ஆண்டுகளுக்கு முன், அணியின் பாயிண்ட் கார்டாக, அதாவது பந்தைக் கொண்டுசென்று ஆட்டத்தை நடத்துபவராக, இருந்த நான்காம் ஆண்டு மாணவருக்கு, பருவம் தொடங்குவதற்கு முந்தைய பயிற்சியிலேயே பாதத்தின் வெளிப்புறத்தில் இருக்கும் ஐந்தாவது மெட்டாடார்சல் எலும்பு முறிந்தது. ஜோன்ஸ் முறிவு என்பார்கள். ராபர்ட் ஜோன்ஸ் என்ற அறுவை மருத்துவர் நடனமாடும்போது தமக்கே நேர்ந்த முறிவைக் கொண்டு 1902இல் அதை விவரித்து எழுதியதால் வந்த பெயர். எலும்பின் அந்தப் பகுதிக்கு இரத்த ஓட்டம் குறைவு என்பதால் அது எளிதில் கூடுவதில்லை. ஆட்டக்காரர்களுக்குப் பெரும்பாலும் உள்ளே திருகு வைத்து அறுவை செய்கிறார்கள். அப்படிச் செய்த பிறகும் அவசரப்பட்டால் என்ன ஆகும் என்பதற்குக் என்.பி.ஏ. நட்சத்திரம் கெவின் டுரான்ட்டே சாட்சி: 2014 அக்டோபரில் இதே முறிவுக்கு அறுவை செய்துகொண்டு டிசம்பரில் திரும்பியவர், அந்தப் பருவத்தில் 27 ஆட்டங்களுக்கு மேல் ஆட முடியாமல், 2015 மார்ச்சில் எலும்பு ஒட்டும் அறுவைக்கு மீண்டும் போக வேண்டியதாயிற்று. உலகின் மிகச் சிறந்த மருத்துவ வசதி சூழ நின்றவருக்கே அந்தக் கதி.

எங்கள் அணி நவம்பரில் தோற்றுக்கொண்டே போனது. பந்தைக் கொண்டுசெல்லும் பொறுப்பு முதலாண்டு மாணவர் ஒருவரின் தலையில் விழுந்தது. அவர் பள்ளியில் ஆடியது 32 நிமிட ஆட்டம். கல்லூரியில் 40 நிமிடம். அந்நாளில் இல்லினாய் பள்ளி ஆட்டத்தில் ஷாட் கிளாக் கிடையாது; கல்லூரியிலோ 30 விநாடிக்குள் பந்தை எறிந்தாக வேண்டும். எதிரணி முழு மைதானத்திலும் நெருக்கிப் பிடித்தபோதெல்லாம் அந்தப் பையன் பந்தைப் பறிகொடுத்தார். எனக்குப் பின்வரிசையில் வழக்கமாக உட்காரும் பழைய மாணவர் ஒருவர், கையில் ஊன்றுகோலோடு பெஞ்சில் அமர்ந்திருந்த நான்காம் ஆண்டு மாணவரைப் பார்த்து, ஓய்வெடுத்தது போதும், எழுந்து வா என்று எல்லோருக்கும் கேட்கும்படி கத்தினார். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். அந்தப் பையனின் தாயார் நான்கு இருக்கை தள்ளித்தான் உட்கார்ந்திருந்தார். எனக்கு இன்றும் ஆறாத விஷயம் இது. ஒரு டாலர்கூட வாங்காமல், கல்விக் கட்டணத்தைத் தன் வீட்டிலிருந்து கட்டி, காலில் திருகு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் மாணவனிடம் இப்படிக் கேட்க இவர்களுக்கு யார் உரிமை கொடுத்தார்கள் என்று எனக்குப் புரியவில்லை. ஆதரவாளர்களுக்கு உணர்ச்சிவசப்பட உரிமை இல்லையா என்று கேட்பீர்கள். உணர்ச்சிவசப்படலாம், அதை நடுவரிடம் காட்டட்டும்.

நான் செய்தது, ஒரு சிறிய நோட்டுப் புத்தகத்தில் அந்த முதலாண்டு மாணவர் பறிகொடுத்த பந்துகளை மட்டும் எண்ணிவந்தது. கல்லூரி வெளியிடும் பாக்ஸ் ஸ்கோர் என்ற ஆட்டப் புள்ளிவிவரத் தாளிலேயே அந்த எண்ணிக்கை இருக்கும், ஆனால் எதிரணி நெருக்கியபோது இழந்தவை எவை, அலட்சியத்தால் போனவை எவை என்று அதில் தெரியாது. தேர்வுக்காக ஆட்டங்கள் நின்றுபோகும் டிசம்பர் இடைவேளைக்கு முன்பே முதல் வகை பாதியாகக் குறைந்துவிட்டது. பெஞ்சில் இருந்த மூத்தவர் ஒவ்வொரு இடைநிறுத்தத்திலும் அவர் காதருகே குனிந்து ஏதோ சொல்லிக்கொண்டிருந்ததையும் நான் பார்த்தேன். இந்த அணி லீக்கில் மேல்பாதியில் முடிக்கும் என்று டிசம்பரிலேயே அலுவலக நண்பர்களிடம் சொன்னேன், கேலி செய்தார்கள். ஜனவரியின் பிற்பகுதியில் மூத்தவர் திரும்பினார், முதலில் பாதிக்குப் பத்து நிமிடத்துக்கு மேல் பயிற்சியாளர் அவரை விடவில்லை. இப்போது பந்தைக் கொண்டுசெல்லத் தெரிந்தவர்கள் இருவர் இருந்தார்கள். மூத்தவர் பந்தில்லாமல் ஓடி மூன்று புள்ளி எறிதலுக்கு இடம்பிடிக்க முடிந்தது. அணி லீக்கில் மூன்றாவதாக முடித்து, லீக் போட்டியின் அரையிறுதியில் தோற்றது. 64இல் இடம் கிடைக்கவில்லை. அந்த நவம்பர் தோல்விகளில் இரண்டு வெற்றியாக மாறியிருந்தால் கிடைத்திருக்கும் என்று யாரேனும் வாதாடலாம், நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த நவம்பர் இல்லாமல் அந்தப் பிப்ரவரி இல்லை என்பதும் என் கண்ணால் பார்த்தது.

உங்கள் ஆட்டக்காரருக்கு என்ன காயம் என்று நீங்கள் எழுதவில்லை. பெரும்பாலும் கல்லூரியும் சொல்லியிருக்காது. மாணவரின் மருத்துவ விவரம் அவருடையது என்பதால் அதில் குறை சொல்லவும் முடியாது. நேரலையில் வர்ணிப்பவர் இன்னார் இன்று ஆடவில்லை என்றாவது சொல்லலாம் அல்லவா என்ற வருத்தம் மட்டும் எனக்கு உண்டு, அதுவும் அந்த நேரலைக்குக் கட்டணம் கட்டியிருக்கும்போது. சாதாரணக் கணுக்கால் சுளுக்கு என்றால் ஓரிரு வாரங்களில் திரும்பக்கூடும், கணுக்காலுக்கு மேலே, கீழ்க்காலின் இரு எலும்புகளையும் இணைக்கும் தசைநார் கிழிந்திருந்தால் அதைவிடப் பல வாரங்கள் கூடுதலாகும், முழங்காலின் ஏ.சி.எல். தசைநார் கிழிந்தது என்றால் இந்தப் பருவத்தை மறந்துவிடுங்கள், ஒன்பது மாதங்களாவது ஆகும். இன்னொன்றும் உண்டு. பருவத்தின் முதல் பாதியில் அடிபட்டு, மொத்த ஆட்டங்களில் அதிகபட்சம் மூன்றில் ஒரு பங்கு மட்டுமே ஆடியவர், மருத்துவக் காரணத்தைக் காட்டி இன்னொரு பருவம் ஆட அனுமதி கேட்கலாம். எனவே ஜனவரியில் நன்றாக நடமாடும் ஒருவர் ஆடாமல் இருந்தால் அது சோம்பலாக இருக்க வேண்டும் என்பதில்லை; அடுத்த ஆண்டுக்காகக் கணக்குப் போடுகிறார்களாக இருக்கலாம். உதவித்தொகை இல்லாத இந்தப் பிரிவில், நான்காம் ஆண்டு மாணவருக்கு அந்தக் கூடுதல் பருவம் என்பது பல ஆயிரம் டாலர் கட்டணத்தைக் குடும்பம் மீண்டும் கட்டுவதாகும் என்பதையும் சேர்த்து யோசித்துப் பாருங்கள்.

அவர் திரும்பி வரும் நாளில் எத்தனை புள்ளி எடுத்தார் என்று பார்க்காதீர்கள். முதல் சில ஆட்டங்களில் புள்ளிகள் வராது. அடிபட்ட காலை ஊன்றி எழும்பி எறிகிறாரா, தற்காப்பில் பக்கவாட்டில் நகரும்போது தயங்குகிறாரா, கூட்டத்துக்குள் புகுந்து, எதிராளியின் தவறுக்குக் கிடைக்கும் ஃப்ரீ த்ரோ வாங்கத் துணிகிறாரா என்பவற்றைப் பாருங்கள். அவர் இல்லாத காலத்தில் கூடுதல் நிமிடங்கள் ஆடிய இரண்டாம் வரிசைக்காரர்களில் யார் நிலைத்தார்கள் என்பதையும் கவனியுங்கள். ஏழு பேரை வைத்து ஓட்டிய அணி ஜனவரியில் ஒன்பது பேரை நம்பிக் களமிறக்க முடிகிறதென்றால், உங்கள் ஐந்து தோல்விகளும் வீண்போகவில்லை.

ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும், இல்லையென்றால் நான் எல்லாத் தோல்விக்கும் சாக்குச் சொல்கிறேன் என்பார்கள். காயம் இல்லாதவர்களே கூடையில் பட்டுத் திரும்பும் பந்தைப் பிடிக்கப் (ரீபவுண்டு) பின்வாங்குகிறார்கள், ஆட்டத்துக்கு ஆட்டம் அதே வகைப் பிழை திரும்புகிறது, சமபலமுள்ள அணிகளிடம் வீட்டிலேயே இருபது புள்ளிகளில் தோற்கிறார்கள் என்றால், அது காயத்தால் வந்த நிலை அல்ல. கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு எல்லோரும் வீட்டுக்குப் போய்த் திரும்பியதும் ஆடும் முதல் இரண்டு ஆட்டங்களை விட்டுவிடுங்கள், கால்கள் கனத்திருக்கும். அதற்குப் பிறகு வரும் ஆறு லீக் ஆட்டங்களைப் பாருங்கள். அவற்றில் நான்கில் தோற்றால் மீண்டும் இதே கேள்வியைக் கேளுங்கள். அப்போது என் பதில் வேறாக இருக்கும்.