சூடானதும் நிற்கும் மொரிஸ் மைனர்: எலக்ரோனிக் இக்னிசன் போடலாமா?

வன்னியில் மல்லாவியிலிருந்து ஒரு தம்பி எழுதியிருக்கிறார். அப்பா வைத்திருந்த 1959ஆம் ஆண்டு மொரிஸ் மைனர் காலையில் உடனே ஸ்டாட் ஆகிறது. மாங்குளத்துக்கு வெளிக்கிட்டால் பாதி வழியில் இருமி இருமி நின்றுவிடுகிறது. அரை மணித்தியாலம் ஆறவிட்டால் மறுபடி ஓடுகிறது. இதைக் கேள்விப்பட்டு வீட்டுக்கு வந்த ஒருவர், "பொயின்ற் எல்லாம் பழைய காலம், கழற்றிவிட்டு எலக்ரோனிக் இக்னிசன் போடுவோம்" என்று 45,000 ரூபாய் கேட்டிருக்கிறார். பொயின்ற் என்பது கொயிலுக்குப் போகும் மின்சாரத்தைத் திறந்து மூடும் சின்ன சுவிட்ச். அது இருக்கும், ஒவ்வொரு பிளக்குக்கும் நெருப்பைப் பிரித்து அனுப்பும் பழைய டிஸ்ரிபியூட்டரைத் தானே கொண்டுபோவாராம். கொடுக்கலாமா என்பது கேள்வி.

கொடுக்க வேண்டாம். காசும் வேண்டாம், டிஸ்ரிபியூட்டரும் வேண்டாம்.

குளிரில் ஓடி, சூட்டில் நின்று, ஆறியதும் ஓடும் கார் என்றால் நான் முதலில் கை வைப்பது கொன்டென்சரில்தான். டிஸ்ரிபியூட்டர் மூடியைத் திறந்தால், பொயின்ற்றுக்குப் பக்கத்தில் விரல் நுனி அளவில் ஒரு தகரக் குழாய் ஒற்றை ஸ்குரூவில் நிற்கும். பற்றரி மின்சாரத்தைப் பிளக்குக்கு வேண்டிய உயர் அழுத்தத்துக்கு ஏற்றுவது கொயில். பொயின்ற் திறக்கும் கணத்தில் கொயிலில் ஓடும் மின்சாரம் சட்டென்று அறுபட வேண்டும். அப்போதுதான் பிளக்கில் நெருப்பு விழும். அந்த மின்சாரம் பொயின்ற் இடைவெளியைத் தாண்டிப் பாயாமல் தாங்கிக்கொள்வதுதான் கொன்டென்சரின் வேலை. அது சூட்டில் பழுதானால், பிளக்குக்குப் போக வேண்டிய நெருப்பு பொயின்ற்றிலேயே எரிந்து முடிந்துவிடும்.

அடுத்த முறை கார் நின்றதும், ஆறுவதற்கு முன்பே டிஸ்ரிபியூட்டர் மூடியைக் கழற்றுங்கள். பொயின்ற் மூடியிருக்கும் நிலையில் திறப்பைப் போட்டுவிட்டு, காய்ந்த மரக்குச்சியால் பொயின்ற்றைத் தட்டித் திறந்து பாருங்கள். போனற் நிழலில் நன்றாகத் தெரியும். சின்ன நீலப் பொறி என்றால் சரி. மஞ்சளாகத் தடித்து, சடசடவென்று விழுந்தால் கொன்டென்சர் முடிந்தது. பழையதைக் கழற்றிவிட்டுப் புதியதைப் போடுங்கள். அப்புறம் பொயின்ற் இடைவெளியை 0.015 அங்குலத்துக்கும், பிளக் இடைவெளியை 0.025 அங்குலத்துக்கும் வையுங்கள். பொறி நீலமாகவே இருந்து கார் நின்றால் கொயிலையும், டிக் டிக் என்று அடிக்கும் பெற்றோல் பம்பையும் பார்க்க வேண்டும்.

கொயில் விஷயத்தில் ஒன்று. மீற்றரில் உங்கள் கொயிலின் இரண்டு சிறிய முனைகளுக்கு இடையில் ஏறக்குறைய 3 ஓம் காட்ட வேண்டும். வன்னியில் பல பழைய கார்களில் ஜப்பான் வான் கொயில் ஏற்றப்பட்டிருப்பதைப் பார்த்திருக்கிறேன். அது 1.5 ஓம். தனி ரெசிஸ்டர் இல்லாமல் பூட்டினால் கொயிலும் கொதிக்கும், பொயின்ற்றும் கருகும். அதையும் "பொயின்ற் சரியில்லை" என்று சொல்லித்தான் உங்களிடம் காசு வாங்குவார்கள்.

எலக்ரோனிக் இக்னிசனே கூடாது என்று நான் சொல்லவில்லை. 1912இல் கடிலாக் காரில் வந்த, கெட்டரிங் என்ற பொறியியலாளரின் பொயின்ற் முறைதான் உங்கள் காரிலும் இருக்கிறது. அதற்கு மாற்றாக ஒளிக்கற்றையில் வேலை செய்யும் லூமெனிஷன், காந்தத்தில் வேலை செய்யும் பெர்ட்ரானிக்ஸ் என்று நல்ல சாமான்கள் வந்திருக்கின்றன. ஆனால் உங்கள் காருக்கு ஒரு சிக்கல் இருக்கிறது. இதை விரிவாகச் சொல்லியே ஆக வேண்டும்.

மொரிஸ் மைனர் பொசிட்டிவ் எர்த் கார். பற்றரியின் பிளஸ் முனைதான் பொடியில் பூட்டப்பட்டிருக்கும். இன்று கடைகளில் கிடைக்கும் மொடியூல்களில், அதாவது பொயின்ற்றின் வேலையைச் செய்யும் எலக்ரோனிக் சாமான்களில், பெரும்பாலானவை மைனஸ் எர்த்துக்குச் செய்தவை. அப்படி ஒன்றை இதில் பூட்டித் திறப்பைத் திருப்பினால் அந்தக் கணமே எரியும். சரி, புத்தகத்தில் பொசிட்டிவ் எர்த் என்று இருக்கிறது, அதை நம்பலாமா என்றால், நம்ப முடியாது. ரேடியோ பூட்டும்போதோ, பற்றரியைச் சார்ஜ் பண்ணும் டைனமோவை எடுத்துவிட்டு ஓல்டனேட்டர் பூட்டும்போதோ யாராவது மாற்றியிருக்கலாம். யுத்த காலத்தில் கிடைத்த பற்றரியையும் கிடைத்த வயரையும் வைத்து ஓடிய கார்கள் இவை. ஆகவே போனற்றைத் திறந்து, பற்றரியின் எந்த முனையிலிருந்து வரும் தடித்த வயர் பொடிக்குப் போகிறது என்று உங்கள் கண்ணாலேயே பாருங்கள். பிளஸ் என்றால் பொசிட்டிவ் எர்த்துக்கென்றே செய்த மொடியூல் வேண்டும். "எர்த்தை மாற்றிவிடுவோம்" என்று ஒருவர் சொன்னால், டைனமோவுக்குத் துருவம் மாற்றுவாரா, கொயில் வயர்களை இடம் மாற்றுவாரா என்று கேளுங்கள். முழித்தால் அனுப்பிவிடுங்கள். செம்புக் கம்பி பிளக் வயரும் மொடியூலுக்கு ஆகாது. கார்பன் வயர் போட வேண்டும்.

இனி அந்த மனிதர் கேட்ட டிஸ்ரிபியூட்டர். இதில்தான் எனக்கு வயிறு எரிகிறது. உங்கள் காரில் இருப்பது லூக்காஸ் டிஸ்ரிபியூட்டர். தண்டு ஆடாமல் இருந்தால் அதைத் தேடி வாங்க ஆட்கள் இருக்கிறார்கள். வீடு வீடாக வந்து "பழசு, எறியிற சாமான்" என்று சொல்லிக் கொண்டுபோய் நல்ல விலைக்கு விற்பவர்களை எனக்குத் தெரியும். என்னிடம் வந்த ஒரு ஒஸ்ரின் காரில் அசலை எடுத்துவிட்டு, பெயரில்லாத நகல் ஒன்றைப் பூட்டியிருந்தார்கள். மூன்று மாதத்தில் மொடியூல் செத்தது. வாங்கிய கொழும்புக் கடை, "வயரிங் பிழை, நாங்கள் பொறுப்பில்லை" என்று பார்சலைத் திறக்காமலே திருப்பி அனுப்பியது. இந்த நாட்டில் பெட்டிக்கு வரி எடுக்க ஆள் இருக்கிறது, பெட்டிக்குள் இருப்பது வேலை செய்யுமா என்று பார்க்க ஆள் இல்லை. பழுதானால் வன்னியில் இருப்பவன் ஏ9 வீதியால் பார்சல் அனுப்பிவிட்டு வாசலைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

தொண்ணூறுகளில் பெற்றோல் தடை இருந்தபோது, பெற்றோலில் ஸ்டாட் பண்ணி மண்ணெண்ணெயில் ஓட்டிய கார்கள் இவை. அன்று பொயின்ற் கருகினால் தெருவோரத்தில் நின்று நெருப்புப் பெட்டி ஓரத்தில் தேய்த்துப் போட்டுக்கொண்டு வீடு வந்து சேர்ந்தோம். எரிந்த மொடியூலைத் தேய்த்து ஒன்றும் செய்ய முடியாது. பின்னாளில் நீங்கள் எலக்ரோனிக் போட்டாலும், சரிசெய்த பொயின்ற்றும் கொன்டென்சரும் காருக்குள் ஒரு டப்பாவில் இருக்கட்டும்.

இப்போது கொன்டென்சரை மாற்றிவிட்டு, ஒரு மத்தியான வெயிலில் மாங்குளம் போய்த் திரும்புங்கள். மறுபடி நின்றால், பொறி என்ன நிறம், பம்ப் அடித்ததா, கொயிலில் கை வைக்க முடிந்ததா என்று எழுதுங்கள்.