வரையத் தெரியாதவர்களா நவீன ஓவியர்கள்?

ஐயா,

போன வாரம் ஓவியர் ஆதிமூலத்தைப் பெரிய கலைஞர் என்று எழுதியிருந்தீர்கள். அதே கட்டுரையில், சுவரில் வாழைப்பழத்தை டேப் போட்டு ஒட்டியதைத் தள்ளிவிட்டீர்கள். எனக்கு இரண்டும் ஒன்றுதான். மீனாட்சியம்மன் கோயில் ஆயிரங்கால் மண்டபத்துக் குறத்தியைச் சின்ன வயதிலிருந்து பார்த்து வளர்ந்தவன் நான். கல்லில் அவ்வளவு நுணுக்கம்! அதைச் செதுக்கிய கைக்கு முன்னால் இந்தச் சாயத் திட்டெல்லாம் எம்மாத்திரம்? வரையத் தெரியாதவர்கள் ஒளிந்துகொள்ளும் இடம்தானே நவீன ஓவியம்?

– ஒரு வாசகர், மதுரை

அன்புள்ள நண்பருக்கு,

வரையத் தெரியாது என்ற பேச்சை முதலில் முடித்துவிடுவோம். காந்தி நூற்றாண்டான 1969ஐ ஒட்டி ஆதிமூலம் காந்தியைக் கோட்டோவியங்களாக வரைந்தார். வெறும் கறுப்புக் கோடுகள். அந்தக் கோடுகளில் கிழவரின் தளர்ச்சியும் பிடிவாதமும் சேர்ந்தே வந்துவிடும். நீங்கள் சாயத் திட்டு என்று சொல்லும் அரூப ஓவியங்களுக்கு அவர் வந்து சேர்ந்தது அதற்கு அப்புறம்தான். பிக்காசோவும் பதினைந்து வயதிலேயே பழைய பாணியில் அச்சு அசலாக வரைந்து காட்டியவர். உருவம் கைவராததால் அதை விட்டவர்கள் இல்லை இவர்கள்.

அந்த வாழைப்பழம் இத்தாலியரான மவுரிசியோ கட்டெலான் 2019இல் செய்தது. 2024இல் 62 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. நான் அதைத் தள்ளியதற்கு விலை காரணமில்லை. அதை நீங்கள் வீட்டுக்காரம்மாவிடம் போனில் சொல்லிவிடலாம். சொன்னதுமே முழுதும் போய்ச் சேர்ந்துவிடும். நேரில் போய்ப் பார்த்தாலும் கண்ணுக்கு மேற்கொண்டு ஒன்றும் கிடைக்காது. ஆதிமூலத்தின் ஒரு மஞ்சளைப் போனில் சொல்லிப் பாருங்கள், முடியாது. அது பக்கத்து நிறத்தோடு எங்கே உரசுகிறது, எங்கே அதற்குள் கரைகிறது என்பதெல்லாம் எதிரே நின்றால்தான் தெரியும். 1917இல் பிரெஞ்சுக் கலைஞர் டுஷாம்ப் சிறுநீர்ப் பீங்கானைக் கண்காட்சிக்கு அனுப்பியதையும் நான் இப்படித்தான் பார்க்கிறேன். கலை வரலாற்றில் அது முக்கியமான சம்பவம். மகத்தான படைப்பு என்று சொல்ல மாட்டேன்.

சரி, குறத்திக்கு வருவோம். அவள் முன்னால் நானும் வெகுநேரம் நின்றிருக்கிறேன். ஆனால், உங்களுக்குக் கோபம் வந்தாலும் சொல்கிறேன், அந்த மண்டபத்தின் பல தூண்களில் கை தன் திறமையைத்தான் காட்டிக்கொண்டிருக்கிறது. ‘எப்படித்தான் செதுக்கினானோ!’ என்று வியக்கிறோம். அந்த வியப்போடு நின்றுவிடுகிறோம்.

உங்கள் ஊருக்குப் பக்கத்திலிருக்கும் கீழக்குயில்குடி சமணர் மலைக்குப் போயிருக்கிறீர்களா? அங்கே செட்டிப்புடவு என்ற குகையில், ஆயிரம் ஆண்டுக்கு மேல் பழையதான ஒரு தீர்த்தங்கரர் இருக்கிறார். உடம்பில் ஒரு நகை இல்லை. மடித்த கால், மடியில் கை, அவ்வளவுதான். இத்தனைக்கும் அதே புடவுக்குள் சிங்கத்தின் மேல் ஏறி, யானைமேல் வருபவனோடு சண்டை போடும் இயக்கி என்ற சமணப் பெண் தெய்வம் இருக்கிறாள். வேகத்தைக் கல்லில் கொண்டுவரத் தெரிந்த மரபுதான் அது. தெரிந்தும், தீர்த்தங்கரரிடம் வந்ததும் எல்லாவற்றையும் விட்டுவிட்டது. கல்லூரி நாளில் நண்பர்களோடு விளையாட்டாக ஏறிய நான், அவர் எதிரே உட்கார்ந்தவன், மற்றவர்கள் இறங்கிப் போன பிறகும் எழுந்திருக்கவில்லை. எதையெல்லாம் விட்டாலும் இன்னும் மிஞ்சி நிற்பது எது என்று தேடுகிற கையை அன்றுதான் முதலில் பார்த்தேன். பல வருடம் கழித்து ஆதிமூலத்தின் வண்ணங்களுக்கு முன்னால் நின்றபோது அந்தப் பாறைதான் எனக்கு ஞாபகம் வந்தது.

அதே மலையில் இன்னோர் இடம் பேச்சிப்பள்ளம். அங்கே சமணப் படிமங்களுக்குக் கீழே வட்டெழுத்து என்ற பழைய தமிழ் எழுத்தில், இன்னார் ‘செய்வித்த திருமேனி’ என்று வெட்டியிருக்கும். செதுக்கியவர் பெயர் மட்டும் இல்லை. எனக்கு அது இன்றும் ஆறாத வருத்தம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் போய்வாருங்கள். வெயில் ஏறினால் பாறை சுடும், அதற்குள் மேலே போய்விடுங்கள். பார்த்துவிட்டு மறுபடி எழுதுங்கள், குறத்தியைப் பற்றியும் சேர்த்து. நான் கவனிக்காத எதையோ நீங்கள் அவளிடம் இத்தனை வருடம் பார்த்திருக்கிறீர்கள்.